இறங்காத பாகு

— பெட்டி ஒண்ணுதானா? கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷம். ஒரே ஒரு பெட்டியா, எல்வின்?

— ரெண்டு. இன்னொண்ணுல பூட்ஸு.

— பூட்ஸுக்குத் தனிப் பெட்டி! துரை ஊருக்குக் கிளம்புறாருல்ல.

— தள்ளு லோர்னா. அடுப்பு வாய அடைச்சுக்கிட்டு நிக்கிற.

— வேற எங்க நிக்கிறது? இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் பனி, நடுவுல உன் கொப்பரை. வாசல்ல சிமெண்ட் கல்ல அடுக்கி அடுப்பு போடாதன்னு வருஷா வருஷம் சொல்றேன். காருக்கு வழியில்ல.

— இன்னைக்கு யாரு காரு எடுக்கப் போறா?

— யாரும் இல்ல. டுவெய்ன் ட்ரக்குதான் வரப்போகுது.

— நாலு மணிக்கு வர்றேன்னான். அதுக்குள்ள மேப்பிள் பாக இறக்கிடலாம். இறக்கி, வடிகட்டி, பாட்டில்ல ஊத்திக் குடுத்துட்டுக் கிளம்பறேன்.

— என் கூடப் பொறந்த தம்பி. என் புருஷன ஏத்திட்டுப் போக அவனே ட்ரக் ஓட்டிக்கிட்டு வர்றான். இத எந்தக் கோயில்ல போய்ச் சொல்ல?

— அவன்தான வேலை வாங்கிக் குடுத்தான்.

— நல்ல வேலை. நியூ ஹாம்ப்ஷயர்ல ஜன்னல் கண்ணாடி பண்ற எடத்துல ராத்திரி ஷிப்டு. இத்தன வருஷமா மாட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்த ஆளு, இனிமே கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கப் போறாரு.

— கெடக்கட்டும். நுரை ஏறுது பாரு.

— பாத்துட்டேன். வெண்ணெய் எங்க?

— கல்லு மேல. துளியூண்டு போட்டாப் போதும்.

— எனக்குத் தெரியாதா? இந்தா, போட்டாச்சு. எப்படிச் சட்டுனு அடங்குது பாரு. உங்கம்மா மேல இப்படி ஒரு துளி போட்டிருந்தா என் வாழ்க்கை எவ்வளவு நல்லாருந்திருக்கும்.

— எங்கம்மா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு.

— அதான் தைரியமாச் சொல்றேன்... சிரிக்க மாட்டியா? முன்னல்லாம் இதுக்குச் சிரிப்ப.

— சிரிப்பேனா?

— விழுந்து விழுந்து சிரிப்ப. அப்புறம் அம்மாவ நெனச்சுச் சிரிச்சுட்டமேன்னு கொட்டில்ல போய் மாட்டுக்கிட்ட மன்னிப்புக் கேப்ப.

— கேன்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?

— பேச்ச மாத்து. கடைசி கேன். அரைக் கேன் மரத்துச் சாறு இருக்கும்.

— ஊத்திடு. ஓரமா, மெதுவா. கொதி நிக்கக் கூடாது. இதோட நாலு கேனும் முடிஞ்சுது. இதுக்கு மேல ஒரு சொட்டு சேக்கக் கூடாது, வத்துறதுதான் வேலை.

— நாப்பது காலன் சாறு. கடைசில ஒரு காலன் தேறுமா?

— தேறும். தண்ணி இன்னைக்கு இருநூத்திப் பத்து டிகிரி பாரன்ஹீட்டுல கொதிச்சுது, காலைல வச்சுப் பாத்தேன். அதுக்கு மேல ஏழு டிகிரி. தெர்மாமீட்டர் இருநூத்திப் பதினேழு காட்டினா பாகு வந்துருச்சு.

— எத்தன மணிக்கு வரும்?

— இப்பப் பத்தரை. ஒரு மணி. மிஞ்சிப்போனா ஒன்றரை.

— டுவெய்ன் நாலு மணிக்குத்தான வர்றான்.

— சீக்கிரம் முடிஞ்சா போன் பண்ணி வரச் சொல்லிடலாம்.

— அவ்வளவு அவசரமா?

— அவசரம்னு இல்ல. சொன்னேன்.

— ம். ஊத்திட்டேன். கேன் காலி.

— இந்த வருஷம் மரத்துல துளை போடச் சொல்லி நான் சொல்லவேயில்ல.

— நீ எதத்தான் சொன்ன? அக்டோபர்லேந்து நீ பேசினத மொத்தமா ஒரு தபால் கார்டுல எழுதிடலாம், ஸ்டாம்ப் ஒட்ட எடம் மிச்சம் இருக்கும். வாளியெல்லாம் சும்மா கெடந்துச்சு. நானே எடுத்து மாட்டினேன்.

— இருபது மரத்துல எட்டு மரம் சொட்டல.

— மரம் கெழடு.

— மரம் கெழடு இல்ல. போன வருஷத்து ஓட்டைக்கு நேர் மேல துளை போட்டிருக்க. அந்த எடத்துல உள்ள கட்டை செத்துப் போயிருக்கும், சாறு ஏறாது. ஒரு சாண் தள்ளிப் போடணும்.

— அட! அப்பவே சொல்றதுக்கென்ன? கொட்டில் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த?

— பாத்தேன்.

— பாத்துட்டு?

— சொல்லத் தோணல.

— முட்டி வரைக்கும் பனியில நின்னுக்கிட்டு ஒரு பொம்பள செத்த கட்டையக் குடையுறா. ஒண்ணில்ல, எட்டு மரம். உனக்கு ஒரு வார்த்தை தோணல. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?

— சொல்லணும்னு தெரிஞ்சுது. வாய் வரைக்கும் வரல. கெடக்கட்டும், லோர்னா. விறகு எடுத்துட்டு வர்றேன். நீ தெர்மாமீட்டரப் பாத்துக்க.

— பாத்துக்கறேன். மெதுவா வா. விறகுக் கொட்டாய் வாசல்ல வழுக்கும்.

— இந்தா விறகு, இது கொஞ்சம் ஈரம்தான். எவ்வளவு காட்டுது?

— இருநூத்திப் பதினொண்ணு.

— பதினொண்ணா? நான் போறப்பப் பன்னண்டரை இருந்துச்சே.

— ஆவி கண்ணுல அடிச்சிருக்கும். நீ கண்ணாடியும் போடல.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. காத்தழுத்தம் கொறஞ்சிருக்கும். மழைக்கு முன்னாடி அப்படித்தான், கொதிநெலை எறங்கிடும்.

— ஆமாமா. எனக்குக்கூட காலைலேந்து முட்டி வலி. மழைதான்.

— வானத்துல மேகம் ஒண்ணையும் காணோம்.

— மேகம் என்ன சொல்லிட்டா வரும்? நீ விறகப் போடு.

— போடறேன்.

— எல்வின்.

— சொல்லு.

— ஏலக்காரனுக்கு போன் பண்ணது நான்தான்.

— தெரியும்.

— தெரியும்னு எனக்கும் தெரியும். முப்பது மாடு. ஒரு செவ்வாக்கெழமை காலைல ஏத்தினாங்க, மத்தியானம் கொட்டில் காலி. அஞ்சு மாசமாச்சு. ஏன்டி இப்படிப் பண்ணன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல.

— கேக்க என்ன இருக்கு? பால் விலை அப்படி. நீ பண்ணலேன்னா நான் பண்ணிருப்பேன்.

— பண்ணிருக்க மாட்ட.

— ஆமா. பண்ணிருக்க மாட்டேன்.

— அப்பத் திட்டு.

— எதுக்கு?

— எதுக்கோ. மாட்ட வித்தவளேன்னு திட்டு. உங்கப்பன் வீட்டுச் சீதனமான்னு கேளு. ஒரு தட்ட எடுத்துப் போட்டு ஒட. நான் காத்துக்கிட்டு இருந்தேன் எல்வின். இன்னைக்குக் கத்துவான், நாளைக்குக் கத்துவான்னு. பள்ளிக்கூடத்துல முன்னூறு பிள்ளைங்களுக்கு மக்ரோனி கிண்டிட்டு வருவேன், வர்ற வழியெல்லாம் இன்னைக்கு வீட்டுல சண்டை இருக்கும்னு நெனச்சுக்கிட்டு வருவேன். நீ காப்பியக் குடிச்சுட்டு, கப்பக் கழுவி, கவுத்து வச்சுட்டுப் போயிடுவ.

— கப்பக் கழுவினது தப்பா?

— கழுவினதுதான்டா தப்பு!

— அப்படியா. எனக்குத் தெரியல.

— விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து கொட்டிலுக்குப் போறியே, அங்க என்ன பண்ற? ஒரு ஈ காக்கா கெடையாது.

— உக்காந்திருப்பேன்.

— எதுல?

— வாளியக் கவுத்துப் போட்டு.

— எதுக்கு?

— அது பால் கறக்கிற நேரம். அந்த நேரத்துல வேற எங்க போறதுன்னு தெரியல.

— என் பக்கத்துலயே படுத்திருக்கலாம்ல.

— பொரண்டுக்கிட்டே இருந்தா நீ முழிச்சுக்குவ.

— நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நீ இருட்டுல சாக்ஸு தேடுறது, படியெறங்குறது, கதவச் சாத்துறது, எல்லாம் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்.

— எத்தன நாளா?

— அஞ்சு மாசமா.

— தெரியாது எனக்கு.

— நீ போகணும்னு நான் சொல்லல.

— சொன்ன.

— எப்ப?

— ஜனவரில. பைப் உறைஞ்சு வெடிச்ச அன்னைக்கு. சமையக்கட்டுல தண்ணி நின்னுச்சு. நீ தொடைச்சுக்கிட்டிருந்த, நான் நாற்காலில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். ‘நீ இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு’ன்ன.

— அது ஆத்திரத்துல வந்த வார்த்தை. அதக் கொண்டு போய் டுவெய்ன்கிட்டச் சொல்லி வேலை கேப்பியா?

— நீ சரியாத்தான் சொன்ன. உன் மேல எனக்குக் கோவமில்ல. நானும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கே அப்படித்தான் இருக்கு. நடக்கறேன், திங்கறேன், தூங்கறேன். யாரோ பண்ற மாதிரி இருக்கு. அழுகையும் வரல. எல்லாம் மரத்துப்போச்சு.

— நியூ ஹாம்ப்ஷயர் போனா சரியாயிடுமா?

— தெரியல. இங்க இருந்து ஆகலையே. நீயாச்சும் காலைல தூங்குவ.

— எனக்காகப் போறியா? நல்ல தியாகம்! எல்வின், கைய எடு.

— என்ன?

— கொப்பரை விளிம்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. கைய எடு!

— ஓ.

— ஓவாம் ஓ. காட்டு. கடவுளே, கொப்புளம் எழும்பிடுச்சு. பனியில வை. அங்க இல்ல, அது சேறு. இங்க, வெள்ளையா இருக்குல்ல, இதுல வை.

— வலிக்கல.

— வலிக்காதது ஒண்ணும் பெருமையில்ல. வைடான்னா.

— வச்சுட்டேன்.

— எடுக்காத. நான் உள்ள போய் மருந்தும் காப்பியும் எடுத்துட்டு வர்றேன்.

— மருந்து வேண்டாம். மணி என்ன?

— பன்னண்டே முக்கால்.

— சரி. நான் போய் மிச்ச விறகையும் எடுத்துட்டு வந்துடறேன்.

— இந்தக் கையோடயா?

— இன்னொரு கை இருக்குல்ல.

— போய்த் தொலை. மெதுவாவே வா.

— விறகு முடிஞ்சுது, லோர்னா. இவ்வளவுதான். அடில இருந்த நாலு கட்டை.

— அதுக்குள்ளயா?

— காலைலேந்து எரியுதே. பாகு எப்படி இருக்கு?

— அப்படியேதான். பன்னண்டு காட்டுது.

— கரண்டிய முக்கிச் சாச்சுப் பாத்தியா? சொட்டா விழாம விளிம்புல திரை மாதிரி தொங்கணும்.

— சொட்டாத்தான் விழுது.

— குடு பாக்கறேன்... ம்.

— வாயில வைக்காத! சூடு.

— வச்சுட்டேன்.

— எப்படி இருக்கு?

— இனிப்புத் தெரியல.

— ஒண்ணுமே தெரியலையா?

— தெரியல.

— உனக்கு நாக்கும் செத்துப்போச்சு எல்வின். டாக்டரப் பாருன்னு எத்தன தடவ சொன்னேன்?

— இருக்கும். உள்ள கொண்டு போய் கேஸ் அடுப்புல வச்சு முடிச்சுடலாமா? அரை மணில வந்துடும்.

— வேண்டாம்! உள்ள வேண்டாம்.

— ஏன்?

— மறந்துட்டியா? கல்யாணமான புதுசுல, வெளிய குளிருதுன்னு உள்ள வச்சுக் காய்ச்சினோமே. ஆவி பட்டு செவுத்துல ஒட்டின காகிதம் பூராவும் உரிஞ்சு தொங்குச்சு. ஒரு பக்கம் உங்கம்மா தலை மேலயே விழுந்துச்சு.

— ஆமா. ரோஜாப்பூ போட்ட காகிதம்.

— மேசை நாற்காலியெல்லாம் பிசுபிசுன்னு, வேனக்காலம் வரைக்கும் எறும்பு. அந்த வயித்தெரிச்சல் மறுபடி வேண்டாம். எரியுற வரைக்கும் எரியட்டும், இங்கயே இருக்கட்டும்.

— விறகு இல்லாம எப்படி எரியும்? பாதில அணைஞ்சா எல்லாம் வீணு.

— பக்கத்துப் பண்ணையில கேக்கலாம்.

— வேண்டாம். நான் பாத்து எடுத்துட்டு வர்றேன்.

— எங்கேந்து?

— பாக்கறேன்.

— எங்கயோ ஆணி புடுங்குற சத்தம் கேட்டுச்சு. நீயா? என்ன இது?

— பலகை. நல்லாக் காஞ்சது.

— ஆமா, போட்டதும் புடிச்சுக்கிச்சு. சரசரன்னு எரியுதே! ஏது இவ்வளவு நல்ல பலகை? கொட்டாயில இது இல்லையே.

— கொட்டில்லேந்து.

— கொட்டில்ல ஏது விறகு? இரு, அதக் காட்டு. அடுத்தத உள்ள தள்ளாத, காட்டு. சாக்பீஸ்ல என்னமோ எழுதியிருக்கு. கி... கிளாடிஸ். எல்வின்! இது கிளாடிஸோட பேர்ப் பலகை!

— ஆமா.

— மாட்டுத் தொட்டி மேல இருந்ததா?

— ஆமா.

— அப்ப உள்ள எரியுறது?

— டல்சி. அதுக்கு அடில இருக்கறது பட்டர்கப்.

— உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? உன் கையெழுத்துடா இது. ஒவ்வொரு கன்னு பொறந்தப்பவும் நீதான நின்னு யோசிச்சுப் பேர் வச்சு எழுதுவ. கிளாடிஸுக்குக் காது பெருசுன்னு எழுத்தப் பெருசா எழுதின. மாடெல்லாம் போன மறுநாள் நான் வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டுப் போனா, வாசல மறிச்சுக்கிட்டு நின்ன. பலகையில கை வைக்காதன்னு. அஞ்சு மாசத்துல நீ சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுதான்.

— மாடு எங்கயோ பென்சில்வேனியாவுல இருக்கு. பேரு மட்டும் இங்க எதுக்கு?

— அதுக்கு? எரிப்பியா?

— விறகு வேணும்ல.

— விறகு வேணும்ல! போறதுக்கு அவ்வளவு வெறியா உனக்கு? கொட்டிலப் பிரிச்சு அடுப்புல வச்சாவது பாக முடிச்சுட்டு வண்டி ஏறணும். அப்படித்தான? சொல்லு.

— அத உள்ள தள்ளட்டுமா?

— கிளாடிஸையா?

— அடுப்பு எறங்குது, லோர்னா.

— எங்கிட்ட எதுக்குக் கேக்குற? உன் மாடு, உன் பலகை, உன் கொட்டில். நான்தான் எல்லாத்தையும் வித்தவளாச்சே. தள்ளு. தள்ளித் தொலை. நான் பாக்கல.

— தள்ளிட்டேன்.

— கழட்டுறப்ப உனக்கு ஒண்ணுமே ஆகலையா?

— ஆணி கத்துச்சு. அப்ப கொஞ்சம் இருந்துச்சு.

— என்ன இருந்துச்சு?

— தெரியல. இங்க, நெஞ்சுக்குக் கீழ. என்னமோ அசைஞ்ச மாதிரி. அப்புறம் போயிடுச்சு.

— வலியா?

— வலின்னு சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

— அந்தக் கையில இன்னும் கட்டுப் போடலையே. கொண்டா இப்படி. துணி சுத்தறேன்.

— சுத்து.

— இறுக்கமா இருக்கா?

— இருக்கு. இருக்குன்னு தெரியுது.

— நாலு மணி ஆகப்போகுது.

— ம்.

— உன் துணியில அந்தக் கம்பளிச் சட்டைய வச்சியா? பச்சை.

— வைக்கல.

— ஏன்? அங்க என்ன வெயிலா அடிக்கப் போகுது?

— அது இப்ப உன்னுதாயிடுச்சு. நீ கொட்டிலுக்கு வர்றப்பப் போட்டுக்குவ.

— அது ஆம்பளச் சட்டை.

— தெரியும்.

— இன்னொரு பலகையா எடுத்துட்டு வந்த?

— ஆமா. இது நாலாவது.

— யாரு?

— மேபல்.

— அய்யோ. அவ நல்லவ. ஒதைக்கவே மாட்டா.

— ஆமா.

— அக்கா! மாமா! உங்க ரோடா இது? சத்தியமாச் சொல்றேன், மூணு தடவ சேத்துல மாட்டி, மூணு தடவையும் கர்த்தரக் கூப்புட்டேன். மூணாவது தடவ அவருக்கே சலிச்சுப் போயிருக்கும்.

— வா டுவெய்ன். ட்ரக்க அங்கயே நிறுத்து, இங்க வழியில்ல.

— என்ன, இன்னும் அடுப்பு எரியுது? ஒரு மணிக்கே முடிஞ்சிடும்னு மாமா சொன்னாரு. நான் டோநட்டெல்லாம் வாங்கிக்கிட்டு ஆசையா வந்தேன். பாகு திகட்டினா கடிச்சுக்க ஊறுகாய் வெள்ளரியும் கொண்டு வந்திருக்கேன். எத்தன வருஷமாச்சு உங்க வீட்டுப் பாகு தின்னு.

— இன்னும் வரல டுவெய்ன். மழை வரப்போகுதாம். அழுத்தம் கொறச்சலாம். உங்க மாமா சொன்னாரு.

— மழையா? நா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத அக்கா. வர்ற வழியெல்லாம் ரேடியோ கேட்டுக்கிட்டு வந்தேன். ஒரு வாரத்துக்கு வெயில்.

— ரேடியோக்காரனுக்கு என்ன தெரியும்.

— சரி, வந்த வரைக்கும் ஆச்சு. ஒரு கரண்டி குடு, பனியில ஊத்திப் பாப்போம். இங்க நல்ல பனியா இருக்கு. மாமா, வாங்க, கடைசியா ஒரு வாய். அடுத்த வருஷம் நீங்க எங்கயோ, இந்த மரம் எங்கயோ.

— ஊத்து.

— வேண்டாம் டுவெய்ன், இன்னும் பதம் வரல.

— பதம் வரலேன்னா இளக்கமா நிக்கும், அவ்வளவுதான அக்கா? முள்கரண்டியில சுருட்டித் திங்கற எனக்கா தெரியாது? இந்தா, ஊத்தியாச்சு... ஏய். எங்க போச்சு?

— என்ன எங்க போச்சு?

— ஊத்தின பாகு. பனியில ஓட்டை விழுந்திருக்கு, பாகக் காணோம். பனிக்கு மேல மிட்டாய் மாதிரி நிக்கணுமே. இன்னொரு கரண்டி ஊத்தறேன். பாரு, நேரா உள்ள போயிடுச்சு. வென்னி ஊத்தின மாதிரி!

— நான்தான் சொன்னேனே, பதம் வரலன்னு.

— பதம் வராததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. குடு, நாக்குல வச்சுப் பாக்கறேன். த்தூ. சத்தியமா, எங்க ஆபீஸ் டீ இத விட இனிப்பா இருக்கும். காலைலேந்து எவ்வளவு விறகு வச்சீங்க?

— வெளியில இருந்தது பூராவும். அப்புறம் நாலு பலகை.

— மாமா, இவ்வளவு எரிச்சதுக்கு இது இந்நேரம் தீஞ்சு கரியாகியிருக்கணும். யாரோ தண்ணி ஊத்திருக்காங்க. நா ஒண்ணு கேக்கறேன், இங்க ரெண்டு பேரத் தவிர வேற யாரு இருந்தது?

— டுவெய்ன், நீ சும்மா இரு.

— நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? மாமா, நீங்களா? கை கட்டுப் போட்டிருக்கு, தூக்கத்துல ஊத்திட்டீங்களா?

— நான்தான்டா.

— நீயா? எதுக்குக்கா?

— நான்தான் ஊத்தினேன். கேட்டுக்க எல்வின். உன்கிட்டயே சொல்றேன், இவன் சாட்சிக்கு இருக்கட்டும். நீ விறகு எடுக்கப் போறப்பல்லாம் உள்ள ஓடிப்போய்க் காப்பி ஜக்குல கொண்டாந்து ஊத்தினேன். கொதி நிக்கக் கூடாதுன்னு நீ சொன்னியே, அதனால வெந்நீராத்தான் ஊத்தினேன். மழையும் இல்ல, அழுத்தமும் இல்ல. உன் நாக்குலயும் ஒரு கொறையும் இல்ல, அதுல இனிப்பே இல்ல.

— அக்கா...

— குறுக்க பேசாத. பாகு இறங்கினா இவன் கிளம்பிடுவான். போகாதடான்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன்னு சொன்ன அதே வாய்தான, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அதனால ஊத்தினேன். ஒரு தடவ ஊத்தினா ஒரு மணி நேரம் இருப்பான்னு கணக்கு. இப்ப நாப்பது காலன் சாறு பாழு, விறகு பாழு. கிளாடிஸ், டல்சி, எல்லாம் சாம்பல். நான் மட்டும் ஊத்தாம இருந்திருந்தா விறகு போதுமா இருந்திருக்கும், நீ அந்தப் பலகையத் தொட்டிருக்கவே மாட்ட. மாட்டையும் நான்தான் வித்தேன், பேரையும் நான்தான் எரிக்க வச்சேன். இப்பவாச்சும் திட்டு எல்வின். இவன் முன்னாடியே திட்டு. பரவால்ல.

— டுவெய்ன்.

— சொல்லுங்க மாமா.

— அந்தப் பெட்டி ரெண்டையும் வராந்தாவுல வச்சிருக்கேன்.

— ஏத்திடட்டுமா?

— ஈரம் படாம வீட்டுக்குள்ள வச்சுட்டு, நீ கிளம்பு.

— கிளம்பவா? அப்ப வேலை? நான் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன் மாமா!

— எல்வின், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஏன் திட்ட மாட்டேங்கிற?

— மொத தடவ நீ ஊத்துறப்பவே பாத்துட்டேன், லோர்னா. கொட்டாய்ப் பலகை இடுக்கு வழியா. ஜக்கக் கோட்டுக்குள்ள ஒளிச்சுக்கிட்டு ஓடின.

— பதினோரு மணிக்கா? பாத்துட்டா அழுத்தம், மழைன்னு கதை விட்ட? அப்ப... தெரிஞ்சும் எதுக்குடா பலகைய உடைச்ச?

— விறகு தீந்துபோச்சே. அடுப்பு அணைஞ்சா நான் கிளம்பியாகணும்ல. போ, ஜக்குல தண்ணி ரொப்பிக் கொண்டா. கொட்டில்ல இன்னும் இருபத்தாறு பலகை இருக்கு.